சுவர்க்கோழிக் கஞ்சி

சிம்மக்கல் மளிகை மொத்தக் கடைகளில் என்னைத் தூரத்தில் பார்த்தாலே சிரிப்பார்கள். துவரம்பருப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். புளியை மோந்து பார்ப்பேன். மிளகில் நாலைந்தைக் கடித்துப் பார்ப்பேன், பப்பாளி விதை கலந்திருந்தால் நாக்கு சொல்லிவிடும். டீச்சரம்மா பரீட்சை வைக்க வந்துவிட்டார்கள் என்று கல்லாவில் இருப்பவர் மற்றவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்திமூன்று வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் நான். எவரையும் எடுத்தவுடன் நம்பிவிடுகிற ஆள் இல்லை.

அப்படிப்பட்ட நான் என் வீட்டுக்காரருக்குப் பதினெட்டு நாள் பூச்சி மாவு கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் கொடுத்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பூச்சி தின்பதைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச வருஷமாகவே போனைத் திறந்தால் யாராவது ஒருவன் பூச்சியின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறான். ஆட்டுக்கறியைவிடப் புரதம் அதிகமாம். தண்ணீர் அதிகம் குடிக்காதாம், இடத்தை அடைக்காதாம், வருங்காலத்தில் உலகத்துக்கே சோறு போடுமாம். பூக்கடைக்கு எதற்கு விளம்பரம்? இவ்வளவு நல்ல பண்டத்தை இவ்வளவு சத்தம் போட்டு ஏன் விற்க வேண்டும்? பேசுகிறவன் முகத்தைப் பார்த்தால், அவனே அதை ஒரு வாய் தின்றிருக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றும். தெரியாமல் தின்பது வேறு கதை. அரிசியில் வண்டு, கத்திரிக்காயில் புழு, வெல்லத்தில் எறும்பு என்று எல்லோர் வயிற்றுக்கும் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறோம்.

ஆனால் என் சந்தேகத்துக்கு அடியில் ஒரு கோபம் இருந்தது. எனக்குப் பூச்சி ஒன்றும் புதிது இல்லை. மேலூருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவள் நான். ஐப்பசி மழை விட்ட மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அம்மா அதைப் பிடித்து வெயிலில் காயப்போட்டு, முறத்தில் புடைத்து இறகை நீக்கிவிட்டு, அரிசியோடு சேர்த்து வறுத்துத் தருவார். வேர்க்கடலை வறுத்த மாதிரி மணக்கும். பத்து வயதில் டவுன் ஹாஸ்டலில் சேர்ந்தபோது ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டில்காரி மூடியைத் திறந்து பார்த்து ஓடினாள். அன்று சாயந்தரத்துக்குள் எனக்கு ஈசல் தின்னி என்று பேர் விழுந்துவிட்டது. பள்ளி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேர் போகவில்லை. கறி வாங்க வக்கில்லாத சாதி என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். நாங்கள் தின்றபோது அது அசிங்கம். அதையே பளபளவென்று ஒரு பையில் அடைத்து இங்கிலீஷில் பேர் எழுதினால் ஆரோக்கியமா? இதைக் கேட்க ஆசைதான். கேட்டால் ஈசல் தின்றதைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷமாகியும் என் வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அவர் டவுனில் பிறந்தவர், பாட்டன் காலத்திலிருந்தே மிஷன் உத்தியோகம். என்னை இளக்காரமாக நினைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

போன வருஷம் தை மாதம் அவருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆனையூர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஆள் பாதியாகிவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பாத்ரூம் வாசலில் ஒருநாள் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார், தூக்க என்னால் முடியவில்லை. சதை கரைந்துகொண்டே போகிறது, புரதம் உள்ளே போகாவிட்டால் படுக்கையில் விழுந்துவிடுவார், விழுந்தால் இந்த வயதில் எழுப்புவது பெரும்பாடு என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பருப்பு வயிற்றை உப்ப வைத்தது. மருந்துக்கடைப் புரத மாவில் பால் இருந்ததால் பேதியானது. மீன் வாசனைக்கும் முட்டை வாசனைக்கும் குமட்டினார். கோழிச் சாறு ஒன்றுதான் இறங்கியது. அதற்குள் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டது.

தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடாதவர் அவர். நோயாளிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று, வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்த பங்குச் சாமியாரே எடுத்துச் சொன்னார். இவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, சாமியார் போனபிறகு கோழிச் சாற்றை ஒதுக்கி வைத்துவிட்டார். சின்னப் பையனாக இருந்ததிலிருந்து விடாத விரதத்தை ஒரு வியாதிக்காக விடமாட்டாராம். நானும் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கண்ணெதிரே ஒரு ஆள் கரைந்துகொண்டிருந்தால் வேறென்ன வரும்?

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் இந்த மாவைப் பற்றிச் சொன்னாள். சுவர் இடுக்கில் இருந்துகொண்டு கிர்ரென்று கத்துமே சுவர்க்கோழி, அதைப் பண்ணையில் வளர்த்து வறுத்து அரைக்கிறார்களாம். பேரில் கோழி இருக்கிறதே தவிர, அது பூச்சிதான். தினமும் இரண்டு ஸ்பூன் கஞ்சியில் கலந்தால் போதுமாம். அரைமணி நேரம் அவளைத் திட்டினேன். எவன் சொன்னான், அவனுக்கு இதில் என்ன லாபம், உனக்கு ஏதாவது கமிஷன் தருகிறானா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பெற்ற மகளிடம் இப்படி ஒரு கேள்வி. அவள் கோபப்படவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிட்டுக் குடுங்கம்மா. பாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கறத ஒருதடவ படிச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

பார்சல் வந்த நேரம் பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் தலைமையாசிரியை வாசலில் நின்றார். பெங்களூரிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று விசாரித்தார். மகள் துணி அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பிரித்தால், பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க அந்தப் பூச்சியின் படம், மீசையும் காலுமாக. ஹாஸ்டலில் என் டப்பாவைத் திறந்தவளின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் படத்தை இந்த வீட்டில் யார் கண்ணிலும் படவிடக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. மாவை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டினேன். பாக்கெட்டைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் சோதிக்காமல் விடவில்லை. மாவை மோந்து பார்த்தேன். தண்ணீரில் கரைத்து மண் படிகிறதா என்று பார்த்தேன். இரண்டு நாள் நானே ஒவ்வொரு ஸ்பூன் தின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்பது நிச்சயமானபிறகு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. இது இறைச்சியா? அவர் இறைச்சி வேண்டாம் என்று விரதம் இருக்கும்போது, தெரியாமல் இறைச்சியைக் கலந்து கொடுத்தால் அது துரோகம் அல்லவா? அந்தப் பாவத்தை மட்டும் செய்யக்கூடாது என்று கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பைபிளில் வருகிற புனிதரே வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்றுதானே உயிர் வாழ்ந்தார் என்றார்.

"ஆடு, மாடு, கோழிதான் டீச்சர் இறைச்சி. இத ஒரு மீனு மாதிரி, இறால் மாதிரின்னு வச்சுக்கங்க. பாவமெல்லாம் ஒண்ணுமில்ல. சார்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கு இறால் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் தின்றுவிட்டு உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. அதற்குப்பிறகு எங்கள் வீட்டுக்குள் இறால் வந்ததில்லை. வெளியில் யாராவது பரிமாற வந்தால் பிடிக்காது என்று சொல்லிவிடுவார். வியாதியைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம், அதனால் மகளுக்குக்கூட அப்பாவுக்கு இறால் பிடிக்காது என்பது மட்டும்தான் தெரியும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். சாமியார் வாயிலிருந்து இறால் என்ற வார்த்தை வந்தபோது, பாவமில்லை என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. நிம்மதியாகப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

கேழ்வரகுக் கஞ்சியில் முதலில் அரை ஸ்பூன், அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு என்று கலந்தேன். நன்றாக இருக்கிறது என்று குடித்தார். ஒரு வாரத்தில் பிடிமானம் இல்லாமல் கேட் வரைக்கும் நடந்தார். அடுத்த வாரம் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சமையலறையில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கழுத்தையும் கையையும் சொறிந்துகொண்டே இருந்தார், காது மடல் சிவந்து கிடந்தது. பங்குனி வெயில், வேர்க்குரு என்று நினைத்தேன். சோப்பு மேல் சந்தேகப்பட்டு சோப்பை மாற்றினேன். புதுப் போர்வையின் சாயத்தின் மேல் சந்தேகப்பட்டு அதைத் துவைத்துப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று அவரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன். என் டப்பாவை மட்டும் சந்தேகப்படவில்லை.

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயந்தரம் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வருகிறேன் என்று அவரே கிளம்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு கோயிலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. பதினாலு ஸ்தலத்துக்கும் எழுந்து முழங்கால் போட வேண்டுமே, தெம்பு வேண்டாமா என்று அன்றைக்கு மூன்று ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். ஆட்டோவில் போனோம். வெள்ளைச் சட்டை போட்டு, நேராக நடந்து உள்ளே போனார். அவரைப் பார்த்து எல்லோரும் கையைப் பிடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் ஸ்தலத்தில் முழங்கால் போட்டவர் எழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். உதடு தடித்துத் தொங்கியது, கண் இடுங்கிப்போயிருந்தது. பேச வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து விசில் மாதிரி காற்றுதான் வந்தது. கோயிலுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியையின் காரில் தூக்கிப் போட்டு அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் என் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பெண் டாக்டர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டே, புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். தலைமையாசிரியை என் தோளைப் பிடித்தபடி நின்றார். பின்னால் கோயில் ஆட்கள் இரண்டு பேர்.

"கஞ்சி டாக்டர். சத்துமாவுக் கஞ்சி" என்றேன்.

அதில் என்னென்ன இருந்தது என்று கேட்டார். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். வாய் தன்னால் சொன்னது. டாக்டர் அவருடைய மாத்திரைச் சீட்டைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு மறுபடியும் பத்து வயதாகி ஹாஸ்டலில் நிற்கிற மாதிரி இருந்தது. கட்டிலில் அவர் நெஞ்சு மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருக்கிறது, நான் நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று நிற்கிறேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. டாக்டர் நிமிர்ந்து, ஊசிக்கு இன்னும் கேட்கவில்லை, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் அம்மா என்றார்.

"பூச்சி டாக்டர். சுவர்க்கோழி மாவு, மூணு ஸ்பூன் போட்டேன். அவருக்குத் தெரியாது."

தோளில் இருந்த கை விலகியது. டாக்டர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இவருக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

ஆகாது என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் அது. இறால், நண்டு, தேள், பூச்சி எல்லாம் கணுக்காலிகள், எல்லாம் ஒரே கூட்டம். அதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொரு ஊசி போட்டு, மூச்சுக்கு முகமூடி வைத்தார்கள். வீக்கம் வடியத் தொடங்கி, ஒருவழியாக மூச்சு சீரானது. மறுநாள் காலையில் மகள் வந்து சேர்ந்தாள். அதற்குள் நான் அந்தக் கம்பெனிக்காரன் மேல் கொலைவெறியில் இருந்தேன். ஒரு வார்த்தை எச்சரிக்கை போட்டானா பாவி என்று அவளிடம் ஆரம்பித்தேன். அவள் போனில் பாக்கெட்டின் பின்பக்கப் படத்தை எடுத்து நீட்டினாள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடக்கூடாது என்று கட்டமே கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை. மகள் பொய் சொல்லவில்லை. சாமியார்கூடச் சிரித்தாரே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் ஒருத்திதான் இதில் எல்லோரிடமும் பொய் சொன்னவள்.

மதியம் வார்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவருக்குக் குரல் கரகரத்தது.

"எத்தன நாளாக் குடுத்த?"

"பதினெட்டு நாளுங்க."

"பங்குச் சாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாப்பாவுக்கு?"

"அவதான் அனுப்புனா."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மேலூர்க் காடு, ஈசல், ஹாஸ்டல், அந்தப் பேர் எல்லாம். அதனால்தான் பாக்கெட்டை ஒளித்தேன் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஈசல் தின்னா என்ன இப்ப? நான் ஏதாவது சொல்லிருக்கப் போறேனா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் அவர். சுற்றறிக்கை வந்தால் கடைசி வரியில் இருக்கிற அச்சகத்தின் பேர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் கோப்பில் வைப்பார். அந்தப் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்திருந்தால் போதும், ஒரே நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். ஏமாற்றாமலே அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது எனக்கு அப்போது உறைத்தது.

ஈஸ்டர் முடிந்து கோழிச் சாறு குடிக்க ஆரம்பித்தார். சதை வைத்தது. இப்போது தினமும் காலையில் பாதி தூரம் ஓட்டமும் மீதி தூரம் நடையுமாகப் போய் வருகிறார். எங்கள் கோயிலில் ரொம்ப நாள் இது பேச்சாக இருந்தது, டீச்சர் புருஷனுக்குப் பூச்சி போட்டுக் கொடுத்துவிட்டாராம் என்று. பேசட்டும், நான் செய்ததைத்தானே பேசுகிறார்கள். பூச்சி தின்கிறவர்கள் தின்னட்டும், எனக்கு இனி அதில் ஒரு சண்டையும் இல்லை. யாருக்குக் கொடுக்கிறோமோ அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்திநாலு வருஷத்தில் நான் வைத்த தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உப்பில்லாமல் வைத்தாலும் பேசாமல் தின்றுவிட்டுப் போவார். இப்போது டம்ளரை நீட்டினால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்கிறார். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சொல்லி முடித்தபிறகும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.